டெக்சஸ் ஜெர்மன்: கடைசித் தலைமுறையின் அருகே உட்கார்ந்து கேட்டவை

ஜெர்மானியர் வந்து குடியேறிய டெக்சஸ் ஊரான ஃபிரெடரிக்ஸ்பர்க்கின் மெயின் ஸ்ட்ரீட்டில் கடைப் பலகைகள் எல்லாம் 'வில்கோமன்' என்று வரவேற்கும். பீர், தொத்திறைச்சி, மரப் பொம்மைகள், பீச் ஜாம் என்று சனிக்கிழமை கூட்டம் அலைமோதும். ஆஸ்டினிலிருந்தும் சான் அன்டோனியோவிலிருந்தும் வரும் நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. ஆனால் அந்தத் தெருவில் நாள் முழுக்க நின்றாலும் ஒரு முழு ஜெர்மன் வாக்கியம் காதில் விழுவது அரிது. மொழி இருக்கும் இடம் வேறு. ஊரைத் தாண்டிப் பண்ணைச் சாலைகளில் போனால், எண்பதைக் கடந்தவர்களின் சமையலறைகளில், அக்காவும் தம்பியும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும்போது, தேவாலயத்தில் காபி நேரம் முடிந்தபின் நாற்காலியை விட்டு எழ மனமில்லாத மூன்று பேருக்கிடையே, இன்னும் இருக்கிறது. இன்னும் எத்தனை வருடம் இருக்கும் என்பதுதான் என் கவலை.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. பிசியோதெரபிஸ்ட். சென்னையில் படித்தபோது ஜெர்மனியில் வேலைக்குப் போகலாம் என்று நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் சேர்ந்து பி1 வரை ஜெர்மன் படித்தேன். பிறகு கல்யாணமாகி வந்து சேர்ந்தது டெக்சஸுக்கு. படித்த ஜெர்மன் வீண் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இங்கே தேர்வெழுதி உரிமம் வாங்கி, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் வேலையில் சேர்ந்தேன். கில்லெஸ்பி, கெண்டல், கோமல் கவுண்டிகளின் பண்ணை வீடுகள் என் வழித்தடத்தில் வந்தன. அங்கேதான் அந்த ஜெர்மன் உயிர்பெற்றது. (நான் சொல்லும் மனிதர்களின் பெயர், ஊர், நோய் விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். வேலையில் சந்தித்தவர்கள் எவரையும் ஒலிப்பதிவு செய்ததும் இல்லை. பதிவு செய்ததெல்லாம் பின்னால் தேவாலயம் வழியாகவும் அக்கம்பக்கத்தார் வழியாகவும் பழக்கமானவர்களை மட்டும்.)

இடுப்பு அறுவை முடிந்து நடை பழகிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அவருடைய ஆங்கிலம் கொழகொழவென்று இழுக்கும் அசல் டெக்சஸ் ஆங்கிலம். வாக்கரைத் தள்ளி அடியெடுத்து வைக்கும்போது மட்டும் வாய்க்குள் எண்ணினார்: ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை. நானும் சேர்ந்து எண்ணினேன். நின்று என் முகத்தைப் பார்த்தார். கறுத்த முகம், பொட்டு, வாயில் ஜெர்மன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஆங்கிலத்தில் அதிகம் பேசவில்லை.

அமெரிக்காவில் நர்ஸாகவும் தெரபிஸ்டாகவும் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதியவர்களைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் சின்ன வயதில் என்ன மொழி பேசினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களின் ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் கேளுங்கள். வலி எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டால் 'ஃபைன்' என்று முடித்துக்கொள்ளும் பாட்டி, 'டூட்ஸ் வே?' என்று கேட்டால் விரல் வைத்து இடம் காட்டுகிறார். எண்களும், வலியும், பிரார்த்தனையும், மாட்டை விரட்டும் அதட்டலும் முதல் மொழியில்தான் வருகின்றன. நினைவு தடுமாற ஆரம்பித்தவர்களிடம் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது.

மாக்ஸ் முல்லர் பவனில் படித்த ஜெர்மன் இந்தச் சமையலறைகளில் ஓரளவுதான் செல்லும். 'ஷோன்' என்று உதட்டைக் குவித்துச் சொல்லப் பழகியிருப்போம். இங்கே உதடு குவிவதில்லை, 'ஷேன்' என்பார்கள். பச்சை நிறத்துக்கான சொல்லும் கிட்டத்தட்ட ஆங்கில 'க்ரீன்' போலவே விழுகிறது. நம் கணக்கில் நான்காம் வேற்றுமை வரவேண்டிய இடத்தில் இரண்டாம் வேற்றுமை வந்து நிற்கும். 'கார்' என்பதை அப்படியே 'டி கார்' என்று முன்னால் ஜெர்மன் சுட்டுச்சொல் வைத்துப் பேசுவார்கள். ஐரோப்பாவில் காணாத ஸ்கங்க்குக்கு இங்கே வந்தபின் 'ஸ்டிங்க்காட்ஸ', நாறும் பூனை, என்று தாங்களே பெயர் வைத்தார்கள். விமானத்துக்கு 'லுஃப்ட்ஷிஃப்', ஆகாயக் கப்பல் என்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் கப்பலேறியபோது விமானமே கிடையாது. காது பழக எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. எந்த நிலையிலும் திருத்தக் கூடாது என்பதில் மட்டும் முதலிலிருந்தே உறுதியாக இருந்தேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் கேட்ட சொல் அடுத்த பண்ணையில் வேறு மாதிரி இருந்தது. ஏன் இப்படி என்று தேடப் போய்த்தான் இவர்கள் வந்த கதைக்குள் நுழைந்தேன். ஓல்டன்பர்க்கிலிருந்து வந்த ஃபிரீட்ரிச் எர்ன்ஸ்ட் 1831இல், டெக்சஸ் இன்னும் மெக்சிகோவின் கையில் இருந்தபோது, இப்போதைய ஆஸ்டின் கவுண்டியில் 4,000 ஏக்கருக்கு மேல் நிலம் பெற்றார். நிலம், வெயில், விளைச்சல் பற்றி அவர் ஊருக்கு எழுதிய கடிதம் அங்கே செய்தித்தாளில் வந்தது. அதைப் படித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். அவர் இருந்த இடம் இன்று இண்டஸ்ட்ரி என்ற சிற்றூர்.

பெரிய அலை அதன்பின் வந்தது. 1842இல் ரைன் நதிக்கரையில் ஜெர்மன் பிரபுக்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆடல்ஸ்ஃபெராயின் என்று பெயர். குடும்பத்துக்கு 320 ஏக்கர், தனியாளுக்கு 160 ஏக்கர் என்பது வாக்குறுதி. அவர்கள் கைக்கு வந்த நிலமோ லானோ, கொலராடோ ஆறுகளுக்கிடையே கொமான்சே பூர்வகுடிகள் வாழ்ந்த மண். சங்கத்தின் சார்பில் வந்த சோல்ம்ஸ்-பிரவுன்ஃபெல்ஸ் இளவரசர் கார்ல், 1845 மார்ச்சில், புனித வெள்ளியன்று, கோமல் ஊற்றுக்கருகே நியூ பிரவுன்ஃபெல்ஸை நிறுவினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மொய்சபாக், பிரபுப் பட்டத்தை உதறிவிட்டு வெறும் ஜான் மொய்சபாக் ஆனவர். 1846 மே மாதத்தில் ஃபிரெடரிக்ஸ்பர்க் உருவானது. நான்கே ஆண்டுகளில் 7,000 பேருக்கு மேல் சங்கத்தின் வழியாக வந்தார்கள். அதற்கான பணமும் வண்டிகளும் சங்கத்திடம் இல்லை. இண்டியனோலா கடற்கரையில் இறக்கிவிடப்பட்டவர்கள் குளிரிலும் மழையிலும் கூடாரங்களிலும் குழிகளிலும் காத்துக்கிடந்தார்கள். 1846இல் மெக்சிகோவுடன் போர் தொடங்கியதும் இருந்த வண்டிக்காரர்களும் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். நடந்தே கிளம்பியவர்களில் பலர் வழியிலேயே காய்ச்சலில் இறந்தார்கள். பண்ணை வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது இன்னும் குரல் தாழ்கிறது. கேட்டவர் சொன்னதைக் கேட்டவர் சொன்னதுதான், ஆனாலும் நேரில் பார்த்ததுபோல் சொல்கிறார்கள்.

1847இல் மொய்சபாக் சான் சாபா ஆற்றங்கரைக்குப் போய் பெனடேக்கா கொமான்சே தலைவர்களோடு பேசி, மே மாதம் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் ஒப்பந்தம் செய்துகொண்டார். அது மீறப்படாத ஒப்பந்தம் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மண்ணில் இன்று கொமான்சேக்கள் வாழவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும் என்று நினைக்கிறேன்.

இப்படி ஹெஸன், நாசாவ், ஹானோவர், பிரவுன்ஷ்வைக் என்று பல பகுதிக்காரர்கள் கலந்து இறங்கியதால், ஒரே வட்டாரப் பேச்சு ஊன்றி நிற்க இங்கே வழியில்லை. பென்சில்வேனியாவில் அமிஷ் மக்களிடம் உள்ளதுபோல ஒருமைப்பட்ட பேச்சு டெக்சஸில் கடைசிவரை உருவாகவே இல்லை. இரண்டு வீடு கேட்டுவிட்டு 'டெக்சஸ் ஜெர்மனில் இப்படித்தான் சொல்வார்கள்' என்று எழுதிவிடக் கூடாது. எந்த வீடு, யாருடைய அம்மா எந்தப் பகுதியிலிருந்து வந்த குடும்பம் என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நூறு வருடத்துக்கு மேல் இந்த மொழி தாக்குப்பிடித்தது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். வீட்டுக்குள் பேசியது மட்டும் காரணமில்லை. வீட்டுக்கு வெளியே அந்த மொழியில் செய்தே ஆகவேண்டிய காரியங்கள் இருந்தன. ஃபெர்டினாண்ட் லிண்ட்ஹைமர், டெக்சஸின் செடிகொடிகளை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அறிமுகப்படுத்திய தாவரவியலாளர், 1852இல் தொடங்கிய நோய்-பிரவுன்ஃபெல்ஸர் ட்ஸைடுங் செய்தித்தாளை இருபதாண்டுகள் நடத்தினார். பருத்தி விலை, இறப்புச் செய்தி, வம்பு வழக்கு எதுவானாலும் ஜெர்மனில்தான் படிக்க வேண்டும். 1853இல் நியூ பிரவுன்ஃபெல்ஸில் பாட்டுக் குழுக்கள் கூடி முதல் ஸெங்கர்ஃபெஸ்ட், பாட்டுத் திருவிழா, நடத்தின. துப்பாக்கி சுடும் சங்கம், உடற்பயிற்சிச் சங்கம், ஒன்பது கட்டை வைத்து உருட்டும் பந்து விளையாட்டுச் சங்கம் என்று எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம். அந்த ஒன்பது கட்டை விளையாட்டு அமெரிக்கா முழுக்க மறைந்துபோய், இன்று சான் அன்டோனியோவைச் சுற்றியுள்ள சில கவுண்டிகளில் மட்டும் தங்கியிருக்கிறது. அங்கே பாட்டிமார்கள் மாலை ஆறு மணிக்கு அணி பிரித்து ஆடுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவு சத்தம், அவ்வளவு சந்தோஷம். இப்போது எல்லாம் ஆங்கிலத்தில்.

ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் 'சண்டே ஹவுஸ்' என்று குட்டி வீடுகள் இருக்கும். பார்த்திருப்பீர்கள். தூரத்துப் பண்ணைக்காரர்கள் சனிக்கிழமை வண்டி கட்டி வந்து, கொள்முதல் முடித்து, ராத்திரி அங்கே தங்கி, ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். வாரத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில் கூடி ஒரே மொழியில் பேசியிருக்கின்றன. கார் வந்ததும், ஒரே நாளில் போய்வர முடிந்ததும், சனிக்கிழமை இரவுகள் போயின. மொழி போன காரணங்களில் சாலைக்கும் பங்குண்டு என்று எனக்கு உறைத்தது அந்த வீட்டுப் படிக்கட்டில் நின்றபோதுதான்.

ஜெர்மன் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு செர்பின் என்ற ஊர் சாட்சி. அங்கே 1854இல் பாதிரியார் யான் கிலியான் தலைமையில் பென் நெவிஸ் கப்பலில் வந்தவர்கள் வெண்டிஷ் மக்கள், ஸ்லாவிய மொழிக்காரர்கள். ஜெர்மானியருக்கு நடுவே தங்கள் மொழி நசுங்குகிறது என்பதும் அவர்கள் புறப்பட்ட காரணங்களுள் ஒன்று. டெக்சஸுக்கு வந்தும் சுற்றிலும் ஜெர்மானியர்தான். தேவாலயத்திலும் பள்ளியிலும் மெல்ல ஜெர்மனுக்கு மாறினார்கள், பிறகு ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு. அங்குள்ள வெண்டிஷ் அருங்காட்சியகத்தில் பழைய பிரார்த்தனைப் புத்தகங்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஜெர்மனை எது முறித்தது என்று கேட்டால், வரலாற்றுப் பலகைகள் முதல் உலகப் போரைச் சொல்லும். அதில் உண்மை உண்டு. 1918இல் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் போட்டது. சான் அன்டோனியோவில் கைசர் வில்ஹெல்ம் பெயரால் இருந்த கிங் வில்லியம் தெரு, போர்க்காலத்தில் அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்கின் பெயருக்கு மாறியது. 1919இல் ஆளுநர் ஹாபி, டெக்சஸ் பல்கலைக்கழக ஜெர்மன் துறைக்கான நிதியை வெட்டோ செய்தார். அதற்கும் முன்பே, அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்புக்கு எதிராக நின்ற ஜெர்மானியர்கள் 1862 ஆகஸ்டில் நியூசஸ் ஆற்றருகே கொல்லப்பட்டார்கள். கம்ஃபர்ட் ஊரில் 1866இல் எழுப்பிய 'ட்ரொய டெர் உனியோன்' நினைவுத் தூண், ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்து மடிந்த அவர்களுக்கானது. அந்தத் தூணின் வாசகம் ஜெர்மனில் இருக்கிறது. அமெரிக்க ஒன்றியத்துக்காக உயிர்விட்டதை ஜெர்மனில் பொறித்து வைத்த அந்த மக்களையே ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பேசும் மொழிக்காகச் சந்தேகப்பட்டது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னும் மொழி வாழ்ந்திருக்கிறது. நோய்-பிரவுன்ஃபெல்ஸர் ட்ஸைடுங் 1957 வரை ஜெர்மனில் வந்தது. 1940 வாக்கில் டெக்சஸில் ஜெர்மன் பேசியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1961இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஆடனவர், துணை ஜனாதிபதி ஜான்சனின் விருந்தினராக ஃபிரெடரிக்ஸ்பர்க் வந்தபோது ஊரில் தாய்மொழியிலேயே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நான் பேசிய பெரியவர்கள் யாரும் 1918ஐப் பற்றி முதலில் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது தங்கள் முதல் பள்ளி நாள். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் போய் நின்றது, மைதானத்தில் ஜெர்மன் பேசினால் தண்டனை. அப்புறம் அண்ணன் இரண்டாம் உலகப் போருக்குப் போனது. (பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் இதே ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் 1885இல் பிறந்தவர். ஊரே அதில் பெருமைகொள்கிறது.) அதற்கப்புறம் வரும் வரி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: நான் பட்ட பாட்டை என் பிள்ளைகள் படவேண்டாம் என்று நினைத்தோம்.

1945க்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் அப்பா அம்மா ஆங்கிலத்தில் பேசினார்கள். தங்களுக்குள், குழந்தைகளுக்குத் தெரியக் கூடாத விஷயங்களை மட்டும் ஜெர்மனில் பேசினார்கள். அதனால் இன்றைக்கு எழுபது வயதான மகன்களுக்குக் கொஞ்சம் புரியும், பேச வராது. தேவாலயங்கள் ஜெர்மன் ஆராதனையை மாதம் ஒருமுறை, பண்டிகைக்கு ஒருமுறை என்று குறைத்து ஒருநாள் நிறுத்தின. ஜெர்மன் தெரியாத மருமகள் வந்தாள், சாப்பாட்டு மேசையில் மொழி மாறியது. இவை ஒவ்வொன்றும் அன்பினாலோ மரியாதையாலோ எடுத்த முடிவு. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தலைமுறையில் செய்த வேலையைச் சட்டத்தால் செய்ய முடியவில்லை.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் போவாஸ் என்ற மொழியியல் பேராசிரியர் 2001இல் டெக்சஸ் ஜெர்மன் வட்டார வழக்குத் திட்டத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்து, ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்து இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். 1960களில் க்ளென் கில்பர்ட் எடுத்த பதிவுகளின் கேள்விகளையே திரும்பக் கேட்பதால், அன்று எப்படி, இன்று எப்படி என்று ஒப்பிட முடிகிறது. நான் செய்வது அப்படிப்பட்ட ஆய்வு அல்ல. குடும்பங்கள் தங்கள் பாட்டி தாத்தா குரலை வைத்துக்கொள்ள உதவுகிறேன். ஆனாலும் உட்கார்ந்து கேட்டதில் கிடைத்த பழக்கங்கள் எந்த மொழிக்கும் பயன்படும்.

'ஜெர்மனில் ஏதாவது பேசுங்கள்' என்று கேட்டால் யாருக்கும் பேச வராது. வெட்கப்படுவார்கள், 'மறந்துபோச்சு' என்பார்கள். பன்றி அடிக்கும் நாளைப் பற்றிக் கேளுங்கள். குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தார் கூடி, யார் கொதிநீர் போடுவது, யார் குடல் கழுவுவது, தொத்திறைச்சியில் என்ன மசாலா, யார் வீட்டுப் புகையறை பெரியது என்று ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்கள். மசாலா வருவதற்குள் ஜெர்மன் வந்துவிடும். சமையல், விவசாயம், பிள்ளைப்பேறு, கிறிஸ்துமஸ், தூங்கப் போகுமுன் அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனை ஆகியவை நல்ல கதவுகள். அரசியலையும் போரையும் முதல் நாளில் தொடாதீர்கள்.

முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வையுங்கள். தனியாக நாற்பது வார்த்தை பேசியவர் தங்கை பக்கத்தில் வந்து அமர்ந்ததும் மணிக்கணக்காகப் பேசுவார். நீங்கள் எதிரில் உட்கார வேண்டாம். பட்டாணி உரிக்கிறார்கள் என்றால் நீங்களும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தக் கூடாது என்றேனே. இந்த மக்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டது, 'உங்களுடையது நல்ல ஜெர்மன் இல்லை' என்பதைத்தான். பள்ளியில் ஆங்கிலம் தப்பு என்றார்கள், கல்லூரியில் ஜெர்மன் தப்பு என்றார்கள், ஜெர்மனியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி சிரித்தார். புத்தக ஜெர்மன் தெரிந்த ஒருவர் நெற்றியைச் சுருக்கினால் போதும், வாய் மூடிக்கொள்ளும். ஒரு பாட்டி சொன்ன சொல்லை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே நான் திருப்பிச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை எந்த ஆசிரியரும் கற்றுத்தர முடியாது.

கருவி விஷயத்தில் செல்போன் போதும். ஆனால் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் சத்தம் கேட்காத அறையில், போனை மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் காபிக் கோப்பை வைக்கும் சத்தம் இடியாகப் பதிவாகும். தொடங்கும்போதே தேதி, இடம், பேசுபவர் பெயர், பிறந்த ஊர், யாருக்கெல்லாம் கேட்கக் கொடுக்கலாம் என்ற அனுமதி எல்லாவற்றையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். அதே வாரத்தில் பிள்ளைகளுக்குப் பிரதி கொடுத்துவிடுங்கள். 'அப்புறம் தருகிறேன்' என்று வைத்திருக்கும் பதிவு உங்கள் பழைய போனோடு போய்விடும்.

காகிதங்களும் இருக்கும். பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு எழுதிவைப்பது இவர்கள் வழக்கம். ஆனால் அந்தக் கையெழுத்து குரென்ட் என்ற பழைய வடிவம். இன்றைய ஜெர்மானியர்களுக்கே படிக்க வராது. தெரிந்த பெயர் ஒன்றை முதலில் கண்டுபிடித்து, அதில் வரும் எழுத்துகளை வைத்து மற்றதைப் படிக்க வேண்டும். ஃப்ராக்டுர் என்ற பழைய அச்செழுத்தில் சொல்லின் நடுவே வரும் நீண்ட 'எஸ்', 'எஃப்' போலத் தெரிந்து ஏமாற்றும். கல்லறைகளில் 'கெப்.' என்றிருந்தால் பிறப்பு, 'கெஸ்ட்.' என்றிருந்தால் இறப்பு. தேய்ந்த எழுத்துகளை நட்டநடுப் பகலில் படிக்க முடியாது. காலையோ மாலையோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள், இல்லையென்றால் கண்ணாடி பிடித்து ஒளியைச் சாய்வாகத் திருப்புங்கள். சாக்பீஸ், ஷேவிங் நுரை எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். மென்மையான சுண்ணாம்புக் கற்கள் அவை, அரித்துவிடும். பழைய செய்தித்தாள்கள் பல, வட டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் டெக்சஸ் வரலாற்று இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் கொள்ளுத்தாத்தா பசுமாடு விற்ற விளம்பரம்கூட அகப்படும்.

இதெல்லாம் என் வீட்டுக்குள்ளும் வந்தது. என் பிள்ளைகள் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். நன்றாகப் படிக்கிறார்கள், அந்த ஆசிரியர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை. ஆனால் ஜெர்மானியர் கதை கேட்டபின், பாடம் தவிர, தமிழில்தான் நடந்தாக வேண்டிய ஒரு காரியம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று தோன்றியது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எனவே வாரம் ஒரு சமையலை என் மகள் அவளுடைய அம்மாயியிடம் வீடியோவில் கேட்டுச் செய்ய வேண்டும் என்று வைத்தோம். நான் அடுப்படிக்குள் போவதில்லை, மொழிபெயர்ப்பதும் இல்லை. புளி எவ்வளவு, எப்போது இறக்குவது என்று அவளே கேட்டாக வேண்டும். அம்மாயியின் 'ஏஞ்சாமி, கருகப் போகுது பாரு' இப்போது என் மகள் வாயிலும் வருகிறது. புத்தகத் தமிழில் அது இல்லை என்பதற்காக நாங்கள் யாரும் அதை மாற்றச் சொல்வதில்லை. என் கணவரின் தாயாரிடம், பன்றி அடிப்பதற்குப் பதில் மஞ்சள் வேகவைக்கும் நாளைக் கேட்டுப் பதிவு செய்தோம். மூன்று மணி நேரம் பேசினார் அத்தை. எந்தெந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்று நானும் என் கணவரும் குறித்துக்கொண்டே இருந்தோம்.

டெக்சஸில் இருப்பவர்கள், அல்லது வர இருப்பவர்கள், ஒருநாள் ஒதுக்கினால் இந்தப் பாதையில் போகலாம். காலையில் நியூ பிரவுன்ஃபெல்ஸில் ஸோஃபியன்பர்க் அருங்காட்சியகம். இளவரசர் கார்ல் தன் காதலி ஸோஃபியாவுக்காகக் கோட்டை கட்ட நினைத்த குன்றின்மேல் அது இருக்கிறது, ஆவணக்காப்பகமும் அதனுடையதே. அங்கிருந்து கம்ஃபர்ட் தூண், பிறகு ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் பயனியர் மியூசியமும், மார்க்ட்பிளாட்ஸ் என்ற சந்தைச் சதுக்கத்தில் எண்கோண வடிவில் மறுபடி கட்டிய ஃபெராயின்ஸ் கிர்ஹவும் (சங்கத்தின் தேவாலயம்). செர்பின் எதிர்த் திசையில், கிடிங்ஸ் ஊருக்குப் பக்கம் என்பதால் அதற்குத் தனி நாள் வேண்டும். மார்ச், ஏப்ரலில் புளூபானெட் பூக்களுக்காக வரும் கூட்டத்தில் சாலை நகராது, வாரநாளில் போங்கள். பண்ணைச் சாலையோரக் கல்லறைத் தோட்டங்களில் மாட்டுக் கதவு மூடியிருந்தால் மூடியே வையுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். யாராவது டிரக்கை நிறுத்தி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் நின்று பேசுங்கள். பெரும்பாலும் அந்தக் கல்லறையில் இருப்பவர் அவருடைய சொந்தக்காரராக இருப்பார், ஜெர்மன் பேசும் அத்தையோ சித்தப்பாவோ எந்த வீட்டில் இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.